முதல் வரி, கடைசி பட்டன்

ஆபீசில் அவளுக்குப் பச்சையக்கா என்று பெயர். பச்சைப் புடவைக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. ஆபீசுக்குக் கிளம்புமுன், காலை எட்டரை மணிக்கு வீட்டிலேயே கணினியைத் திறந்து, திரையில் பன்னிரண்டு பச்சை டிக் வரிசையாக விழுகிறவரை ஒரு வாய் டீகூடக் குடிக்க மாட்டாள். அதனால் வந்த பெயர். பன்னிரண்டும் விழுந்துவிட்டால் கண்ணை மூடி, "ஆண்டவனே, உனக்குக் கோடி நன்றி" என்பாள். அதற்குப் பிறகுதான் டீ.

வயது நாற்பத்து நான்கு. முதலில் அதே கம்பெனியில் விவரம் தட்டச்சு செய்கிற வேலையில் இருந்தாள். பிறகு தொலைபேசியில் புகார் கேட்கிற வேலை. ஐந்து வருடம் அடுத்தவர் திட்டைக் காதில் வாங்கி, "ரொம்ப வருத்தங்க, பார்க்கச் சொல்றேங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் குழாய் ஒழுகினால்கூட அதனிடம் வருத்தம் தெரிவிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, "வர்ற புகாரையெல்லாம் உங்களைவிட நல்லாத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. இனிமே புகார் வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிங்க" என்று சொல்லி டெஸ்டிங் பகுதியில் உட்கார வைத்தார். நாற்பத்தொரு வயதில் புதுப் படிப்பு. சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து வைத்து, பொரியல் கரிந்தாலும் பக்கத்தை விடாமல் படித்தாள். கடவுள் கைவிடவில்லை, கற்றுக்கொண்டாள்.

அவள் வேலை இதுதான். கம்பெனி ஒரு கண் ஆஸ்பத்திரிக்காக இணையத்தில் பதிவுப் பக்கம் செய்து கொடுத்திருந்தது. நோயாளிகள் அதில் நுழைந்து, தேதி பார்த்து, இடம் பிடிக்கலாம், வேண்டாமென்றால் ரத்து செய்யலாம். அந்தப் பக்கம் தினமும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனாக அழுத்திக்கொண்டிருந்தால் விரல் தேய்ந்து போகும். ஆகவே அவள் கணினிக்கான கட்டளை வரிசை ஒன்றை, ஸ்கிரிப்ட் என்பார்கள், எழுதி வைத்திருந்தாள். அது தானாகப் பக்கத்தைத் திறக்கும், உள்ளே போகும், ஒரு நோயாளியின் பெயரில் இடம் பிடிக்கும், பட்டியலில் அது வந்ததா என்று பார்க்கும், பிறகு ரத்து செய்துவிட்டு வெளியே வரும். எல்லாம் பன்னிரண்டு படி, நாலு நிமிடம். ஒரு படி சரியாக முடிந்தால் ஒரு பச்சை டிக்.

ஆனால் ஸ்கிரிப்ட்டுக்குக் கண் கிடையாது. நாம் திரையைப் பார்த்ததும் "அதோ சிவப்புப் பட்டன்" என்று கை நீட்டிவிடுவோம். அதற்கு முகவரி சொல்ல வேண்டும். அந்த முகவரிக்குத்தான் சிஎஸ்எஸ் செலக்டர் என்று பெயர். பக்கம் என்பது பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி என்று அடுக்கி வைத்த சாமான். சில பெட்டிக்குத் தனிப் பெயர் இருக்கும். அதை ஒரு குறி போட்டுச் சொல்லலாம். சில பெட்டிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே சீருடையில் இருக்கும். அந்தச் சீருடையை ஒரு புள்ளி வைத்துச் சொல்லலாம். பெயரும் இல்லை, சீருடையும் எல்லாருக்கும் ஒன்று என்றால், "வரிசையில் மூன்றாவதாக நிற்கிறதே, அது" என்று இடத்தைச் சொல்ல வேண்டியதுதான்.

இடத்தைச் சொல்வதில் பச்சையக்கா கெட்டிக்காரி. அவள் வீட்டுச் சமையலறையில் இருபத்திரண்டு டப்பாக்கள், எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். ஒன்றிலும் எழுத்து கிடையாது. "மேல் தட்டு, இடமிருந்து ரெண்டாவது" என்றால் சர்க்கரை. "நடுத்தட்டு, கடைசி" என்றால் உப்பு. கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன், ஒரு விடுமுறை நாளில் நல்லது செய்வதாக நினைத்து அலமாரியைத் துடைத்து அடுக்கினார். அன்று மாலை குடும்பமே உப்பு டீ குடித்தது. மாமனார் மட்டும் முழுவதையும் குடித்துவிட்டு, "கொஞ்சம் சர்க்கரை தூக்கல்" என்றார். அவருக்கு நாக்கில் கோளாறு இல்லை. மருமகள் மனது நோகக் கூடாது என்று சொன்னதுதான்.

மாமனார் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். முப்பத்திரண்டு வருடம் ஓடுகிற வண்டியில் நின்றவர் என்பதால் இப்போதும் நின்றால் காலை அகட்டித்தான் நிற்பார். வீட்டுக்கு நாலு பேர் வந்து கூடத்தில் குவிந்தால், "உள்ள போங்க, உள்ள நிறைய இடம் இருக்கு" என்பார். அவருக்கு வலது கண்ணில் புரை விழுந்து ஆறு மாதம் ஆகிறது. இடது கண்ணும் சுமார்தான். கண் போனதில் அவருக்குப் பெரிய வருத்தம் ஒன்றுதான். தெருமுனைச் சலூன்காரர் மத்தியானத்தில் கடையில் ஆள் இல்லாத நேரம் செஸ் ஆட வருவார். அவர் காய்களை நகர்த்தி ஏமாற்றுகிறார் என்பது மாமனாரின் சந்தேகம்.

"யோவ், மூலையில இருந்த யானை எப்படிய்யா நடுவுக்கு வந்துச்சு?"

"நீங்கதானே அண்ணே நகர்த்துனீங்க."

"நான் நகர்த்துனேனா? என் கண்ணுல புரை இருக்குன்னுதானே உனக்கு இவ்வளவு தைரியம்? வியாழக்கிழமை ஆபரேஷன். அதுக்கப்புறம் உன் கையைப் பார்க்கிறேன், வா."

அந்த வியாழக்கிழமைக்காக அவர் நாலு மாதம் காத்திருந்தார். அவ்வளவு கூட்டம் அந்த ஆஸ்பத்திரியில். இடத்தைப் பிடித்துக் கொடுத்ததும் பச்சையக்காதான், தன் கம்பெனி செய்த அதே பக்கத்தில்.

இங்கேதான் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. பதிவுப் பக்கத்தில் ஒரு போன் நம்பருக்கு ஒரு கணக்குத்தான் தருவார்கள். ஸ்கிரிப்ட்டுக்காகக் கணக்குத் திறக்கும்போது, அவள் நம்பரில் ஏற்கெனவே அவள் தன் மூக்குக் கண்ணாடிக்காகத் திறந்த கணக்கு இருந்தது. புருஷனுடைய நம்பர் லிஃப்ட் கம்பெனிக்காரர்களுடையது. எனவே மாமனார் நம்பரைக் கொடுத்தாள். படிவம் நோயாளியின் பெயர் கேட்டது, மனதில் வந்த ஒரு பெயரைப் போட்டாள். வயது அறுபத்தொன்று, இடது கண். பிறகு மாமனாருக்கே கண் மங்கியபோது, தனிக் கணக்கு திறக்கச் சோம்பல்பட்டு, அதே கணக்கில் இரண்டாவது ஆளாக அவரையும் சேர்த்துவிட்டாள். தப்பு என்று தெரியும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது.

அதனால் தினமும் காலை எட்டரைக்கு மாமனார் போனில் இரண்டு முறை 'டிங்' அடிக்கும். முதல் டிங், இல்லாத அந்த நோயாளிக்கு இடம் கிடைத்துவிட்டது. இரண்டாவது டிங், அவர் ரத்து செய்துவிட்டார். முதல் வாரம் மருமகள் விளக்கிச் சொன்னாள், அப்படி ஒரு ஆளே கிடையாது என்று. மாமனார் கேட்டுக்கொண்டார். ஆனால் தினமும் ஒரு ஆளைப் பற்றிச் செய்தி வந்தால் அவர் இல்லை என்று எப்படி இருக்க முடியும்? நாளாக நாளாக அந்த ஆள் வீட்டில் ஒருவர் மாதிரி ஆகிவிட்டார். மாமனார் அவருக்குக் 'கேன்சல்காரர்' என்று பெயர் வைத்தார்.

"என்னம்மா, கேன்சல்காரர் இன்னைக்கும் கடைசி நிமிஷத்துல ஓடிட்டாரா?"

"ஓடிட்டார் மாமா."

"பாவம். ஊசின்னா பயமா இருக்கும். பெண்டாட்டி கூட வந்து கையைப் பிடிச்சிக்கிட்டா சரியாப் போயிடும். கல்யாணம் ஆயிடுச்சா?"

"படிவத்துல அது கேக்கலை மாமா."

இப்படியே பதினொரு மாதம் போனது. ரத்துப் பட்டனுக்கு அவள் எழுதியிருந்த முகவரி, 'பட்டியலில் முதல் வரி, அதில் கடைசி பட்டன்.' ஏனென்றால் புதிதாகப் பிடித்த இடம்தான் பட்டியலில் எப்போதும் மேலே நிற்கும். தனிப் பெயர் வைத்து எழுத அவளுக்கும் ஆசைதான். பக்கத்தை அழகுபடுத்துகிற டிசைனர் ஒருவர் இருந்தார். நெஞ்சுவரை தாடி, அதனால் தாடி என்றே பெயர். அவரிடம், "ஒவ்வொரு வரிக்கும் சோதனைக்குன்னு ஒரு அடையாளம் வச்சுக் குடு தம்பி" என்று கேட்டிருந்தாள். "அடுத்த வாரம் கண்டிப்பா அக்கா" என்றார். அந்த அடுத்த வாரம் பதினொரு மாதமாக அடுத்த வாரமாகவே இருந்தது.

ஒரு சனிக்கிழமை தாடி ஒரு நல்ல காரியம் செய்தார். புதிதாகப் பிடித்தது மேலே இருப்பதைவிட, சீக்கிரம் வரப்போகிற தேதி மேலே இருந்தால் நோயாளிகளுக்கு வசதி என்று வரிசையை மாற்றினார். நியாயமான யோசனைதான். திங்கட்கிழமை காலை அந்தப் பக்கம் புது வரிசையோடு விழித்தது.

ஸ்கிரிப்ட் வழக்கம்போல் எட்டரைக்கு உள்ளே போனது. கேன்சல்காரருக்கு மூன்று மாதம் கழித்து ஒரு தேதியில் இடம் பிடித்தது. பட்டியலில் பெயர் இருக்கிறதா? இருக்கிறது, பச்சை. அடுத்து, முதல் வரி, கடைசி பட்டன். முதல் வரியில் இப்போது நின்றவர் இந்த வியாழக்கிழமைக்காரர். ஸ்கிரிப்ட்டுக்குத்தான் கண் இல்லையே. அழுத்தியது. பட்டியலில் ஒரு வரி குறைந்ததா? குறைந்தது, பச்சை.

பன்னிரண்டும் பச்சை.

"ஆண்டவனே, உனக்குக் கோடி நன்றி" என்று சொல்லிவிட்டுப் பச்சையக்கா டீயை எடுத்தாள். மேசைக்கு எதிர்ப்பக்கம் மாமனாரின் போன் இரண்டு முறை டிங் அடித்தது. "ஓடிட்டார்" என்று மாமனார் தானே சொல்லிக்கொண்டு செஸ் பலகையைத் துடைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை திரையில் சிவப்பு விழுந்தது. ஏழாவது படி. 'இந்த நோயாளிக்கு ஏற்கெனவே ஒரு பதிவு உள்ளது.'

"நேத்து ரத்தாயிடுச்சே" என்று அவள் கணக்கைத் திறந்து பார்த்தாள். பட்டியலில் ஒரே ஒரு வரி. கேன்சல்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அப்படியானால் நேற்று ரத்தானது யார்? அவளுக்கு ஒரு நொடி எதுவும் புரியவில்லை. அடுத்த நொடி எல்லாம் புரிந்துவிட்டது.

"என்னம்மா, இன்னைக்கு டிங் சத்தமே காணோம்? கேன்சல்காரருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் மாமனார்.

"நல்லா இருக்கார் மாமா."

"நேத்து வந்ததையாவது படியேன். என்ன சொல்றாருன்னு பாப்போம்."

அவள் போனை வாங்கினாள். திங்கட்கிழமை எட்டு முப்பத்து நான்கு. மாமனாரின் பெயர், வியாழக்கிழமைத் தேதி, வலது கண், ரத்து செய்யப்பட்டது. எதிரே அவர் முகத்தை ஒருபக்கமாகச் சாய்த்து, தெரிகிற கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெறும் விளம்பரம் மாமா."

பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத வாய். துணி காயப்போடுகிற சாக்கில் பால்கனிக்குப் போய், ஈரப் போர்வைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். கவுண்டர் பெண் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஆமாங்க, திங்கட்கிழமை காலைல நீங்களே ரத்து பண்ணியிருக்கீங்க."

"நான் பண்ணலைங்க. ஸ்கிரிப்ட் பண்ணிடுச்சு."

"யாரு?"

"ஸ்கிரிப்ட்டுங்க."

"அவரு உங்களுக்கு என்ன உறவு?"

"உறவெல்லாம் இல்லைங்க. நான் எழுதினதுதான்..."

"யாரு எழுதினா என்னங்க, ரத்துன்னா ரத்துதான். அடுத்த இடம் மூணு மாசம் கழிச்சு இருக்கு, போடட்டுமா? அது இருக்கட்டும்மா, உங்க கணக்குல இன்னொருத்தர் இருக்காரே, அறுபத்தொரு வயசுக்காரர். அவர் விஷயமா நாங்களே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தோம்."

இப்படி ஸ்கிரிப்ட் ஓடுவது ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவுக்குத் தெரியும். ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் கவுண்டரில் இருக்கிறவர்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை போலிருக்கிறது.

"இருநூத்தி முப்பத்தஞ்சு தடவை பதிவு பண்ணி, இருநூத்தி முப்பத்தஞ்சு தடவையும் ரத்து பண்ணியிருக்காருங்க" என்றாள் கவுண்டர் பெண். குரல் தழுதழுத்தது. "எவ்வளவு பயம் இருந்தா ஒரு மனுஷன் தினமும் தைரியத்தை வரவழைச்சு, நாலே நிமிஷத்துல விட்டுடுவாரு! இங்க எல்லாருக்கும் அவரைத் தெரியும். நேத்துதான் முதல் தடவையா ரத்து பண்ணலை. நாங்க கை தட்டினோம்மா! தலைமை நர்ஸ் சொல்லிட்டாங்க, அவர் மனசு மாறுறதுக்குள்ள கூட்டிட்டு வந்துடணும்னு. வியாழக்கிழமை ஒரு இடம் காலியாச்சு, அதை அவருக்குன்னு எடுத்து வச்சுட்டோம். சாயங்காலம் கணக்குல ஏத்திடுவோம்."

"வியாழக்கிழமை... எந்த இடம்?"

"அதான், உங்க மாமனார் வேண்டாம்னு விட்டாரே, அது."

பச்சையக்கா ஈரப் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மத்தியானம் ஆபீசிலிருந்து புருஷனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கூரைமேல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதான் இடம் நம்ம கணக்குலதானே ஏறப்போகுது? அப்பாவை அந்தாள் பேர்லயே கூட்டிட்டுப் போயிடு" என்றார்.

"அந்தாளுக்கு இடது கண்ணுங்க! மாமாவுக்கு வலது!"

"ஓ."

"அதோட, உங்கப்பா வேற பேருக்கு எழுந்திருப்பாரா? பேரைக் கூப்பிட்டதும் 'அந்தாள் தினமும் ஓடிடுவாரே, வந்திருக்காரா?'ன்னு சுத்திமுத்தியும் தேடுவாரு. கண்ணைத் திறந்து விடுறதுக்காகப் போற இடங்க. அங்க பொய்யோட போய் உட்கார என்னால ஆகாது. காலைல சொன்ன ஒரு பொய்யே நெஞ்சுல நிக்குது."

"அப்ப உண்மையைச் சொல்லிடு."

"சொன்னா கம்பெனி மானம் போயிடும். என்னைத் திரும்ப புகார் கேக்குற நாற்காலியிலயே உட்கார வச்சிடுவாங்க."

"நீ அங்க உட்கார்ந்தா எங்களுக்குத்தான் கஷ்டம். வீட்டுக் குழாய்கிட்டயெல்லாம் மன்னிப்புக் கேப்பே" என்றார் அவர். கிண்டல்தான், ஆனால் அதைக் கேட்டதும் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்க மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டே போனாள். 'ஆண்டவனே, என் நாற்காலி போனாலும் போகட்டும். மாமா கண்ணைக் கொடுத்துடு.'

கவுண்டரில் பெயரைச் சொன்னதும் உள்ளேயிருந்து தலைமை நர்ஸே எழுந்து வந்தார். உயரமான அம்மா, மூக்குக் கண்ணாடி, நெஞ்சுப் பையில் நாலு பேனா. வந்தவர் பச்சையக்காவுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா அவரு? வாசல்லயே நின்னுட்டாரா? நானே போய்ப் பேசட்டுமா?"

"அவர் வரலைங்க."

"மறுபடியும் பயந்துட்டாரா?"

"இல்லைங்க... அப்படி ஒருத்தர் பிறக்கவே இல்லைங்க."

பிறகு, பயத்தில் மூச்சுவிடாமல், ஸ்கிரிப்ட், முதல் வரி, கடைசி பட்டன், தாடி, வரிசை மாறியது, பன்னிரண்டு பச்சை எல்லாவற்றையும் கொட்டினாள். நர்ஸம்மாவுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. கடைசியில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆளே இல்லையா?"

"இல்லைங்க."

"இருநூத்தி முப்பத்தஞ்சு தடவையும்?"

"மிஷினுங்க."

"நான் அந்தாளுக்காக ஆறு மாசமா தினமும் வேண்டிக்கிட்டிருக்கேன், தெரியுமா? 'சாமி, அந்த மனுஷனுக்குத் தைரியத்தைக் கொடு, அவர் கண்ணைத் திறந்து விடு'ன்னு!"

கவுண்டர் பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பச்சையக்காவின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. இல்லாத ஆளுக்காக ஒரு நல்ல மனுஷியை ஆறு மாதம் வேண்ட வைத்துவிட்டோமே, இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று நினைத்தாள்.

"மன்னிச்சிடுங்கம்மா. உங்க வேண்டுதலை வீணாக்கிட்டேன்."

நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேண்டினது வீணாப் போகாதும்மா. அந்தாளுக்குக் கண்ணு வேணும்னு வேண்டினேன். ஆள் இல்லைன்னா அது சும்மாவா நிக்கும்? பக்கத்து வரியில யாரு இருக்காங்கன்னு பார்த்து அங்க போய்ச் சேரும்." கவுண்டர் பக்கம் திரும்பினார். "வியாழக்கிழமை, வலது கண்ணு. இந்தம்மாவோட மாமனார் பேரைப் போடு. அவராவது நிஜமா இருக்காரா?"

"இருக்காருங்க! செஸ் ஆடிக்கிட்டிருக்காரு!"

"நாளையிலேர்ந்து அந்த மிஷின் ஆளுக்கு நேரா 'மிஷின்'னு எழுதி வைங்க. இதுக்குமேல எங்க மனசு தாங்காது."

புதன்கிழமை காலை அவள் ஸ்கிரிப்ட்டை ஓட விடவில்லை. நேராக மேனேஜர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். "ஆஸ்பத்திரிக்குத் தெரிஞ்சா என்ன ஆகுறது?" என்று அவர் தலையில் கை வைத்தார். "தெரியும் சார், நான்தான் போய்ச் சொல்லிட்டு வந்தேன்" என்றாள். அவர் தண்ணீர் எடுத்துக் குடித்தார். நாற்காலி போகவில்லை. புகார் கேட்கிற இடத்தில் இப்போது ஆள் நிறைய என்பதும் ஒரு காரணம்.

பிறகு தாடியின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் வரிசையத்தானே மாத்தினேன்" என்றார் தாடி பாவமாக.

"நீ மாத்தினது தப்பே இல்ல தம்பி. அந்த இடத்துல இன்னைக்கு யாரு நிக்கிறாங்கன்னு கேக்காம அழுத்தச் சொன்னேனே, நான்தான் தப்பு. ஆனா அந்த அடுத்த வாரம் இருக்கு பாரு, அது இன்னைக்குத்தான். முடிச்சுக் குடுக்கிறவரைக்கும் நான் எழுந்திருக்கப் போறதில்ல."

அவர் டீக்கு எழுந்தபோது கூடவே எழுந்தாள். திரும்பியபோது கூடவே திரும்பினாள். மூன்று மணிக்குள் ஒவ்வொரு வரிக்கும் அதனதன் பதிவு எண்ணே அடையாளமாக ஒட்டிக்கொண்டது. ஸ்கிரிப்ட் இப்போது, தான் பிடித்த இடத்தின் எண்ணை ஞாபகம் வைத்துக்கொண்டு, அந்த எண் எந்த வரியில் இருந்தாலும் தேடிப் போய் அதற்குள் இருக்கிற ரத்துப் பட்டனை மட்டும் அழுத்தும். கேன்சல்காரரை மாமனார் நம்பரிலிருந்து கிளப்பி ஆபீஸ் போன் நம்பருக்குக் குடி மாற்றினாள்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. நர்ஸம்மா தானே வந்து மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டார். எதற்கு இவ்வளவு மரியாதை என்று அவருக்குப் புரியவில்லை. "கண்டக்டர்னா இன்னும் மதிப்பு இருக்குய்யா" என்று வீட்டுக்கு வந்த சலூன்காரரிடம் பெருமையடித்துக்கொண்டார். கட்டுப் பிரித்த மூன்றாம் நாள் இருவரும் ஆடினார்கள். மாமனார் சலூன்காரரின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பத்தே நிமிடத்தில் தோற்றார்.

"என்னய்யா இது, கண்ணு தெரியாதப்ப ஜெயிச்சேன், இப்ப தோக்குறேன்?"

"அப்ப பாவம் பார்த்து என் ராணியை உங்க முன்னாடி தள்ளி வச்சுக்கிட்டிருந்தேன் அண்ணே" என்றார் சலூன்காரர். மாமனார் அவரிடம் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

பேச ஆள் இல்லாத அந்த நாளில்தான் அவர் போனைக் கையில் எடுத்தார். புதுக் கண்ணுக்குத் தீனி வேண்டும் அல்லவா? பழைய செய்திகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் படித்தார். பச்சையக்கா சமையலறையில் டப்பாக்களைத் துடைத்துத் திரும்ப அடுக்கி, பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி, இங்க வா."

குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையில் பசையோடு வந்து நின்றாள்.

"திங்கட்கிழமை எட்டு முப்பத்தி நாலு. என் பேரு, வலது கண்ணு, ரத்துன்னு போட்டிருக்கு. நீ விளம்பரம்னு சொன்னியே, இதுதானா அது?"

பச்சையக்கா உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. பொய் சொன்னதற்கு அன்றிலிருந்து தினமும் சாமியிடம் மன்னிப்புக் கேட்பதையும், அவரிடம் கேட்கத்தான் வாய் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். மாமனார் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"ஒருதரம் பகல் வண்டி, தூர ரூட்டு" என்று ஆரம்பித்தார். "பன்னெண்டாம் நம்பர் சீட்டுல ஒருத்தர். தூங்கிடுவேன், என் ஸ்டாப் வந்ததும் எழுப்பி இறக்கி விடுங்கன்னார். நானும் பன்னெண்டு, பன்னெண்டுன்னு மனசுல வச்சிக்கிட்டேன். நடுவுல வெயில் திரும்பிடுச்சு, ஜனங்க இடம் மாறி உட்கார்ந்துட்டாங்க. நான் பன்னெண்டுல இருந்தவரைத் தட்டி எழுப்பி, பெட்டியை எடுத்து, கையைப் பிடிச்சு இறக்கி விட்டு, விசில் அடிச்சிட்டேன்."

"அய்யோ! அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"தூக்கக் கலக்கம். நன்றி வேற சொன்னாரும்மா." மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். "மூணு ஸ்டாப் கழிச்சு நிஜமான ஆளு எழுந்து, 'என் ஊர் வந்துடுச்சா'ன்னு கேட்டப்பதான் எனக்கு விஷயமே தெரிஞ்சது. இருபத்தாறு வருஷம் ஆச்சு. உங்க அத்தைகிட்டகூடச் சொன்னதில்ல. நீயாவது போய்ச் சொல்லி என்னைத் திரும்ப வண்டியில ஏத்திட்டே. எனக்கு வண்டியைத் திருப்பத் தைரியம் வரலை."

பிறகு மாமனார் எழுந்து, காலை அகட்டி நின்று, சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். புதுக் கண் அலமாரியில் ஒவ்வொரு டப்பாவாக மேய்ந்தது.

"சர்க்கரைன்னு ஒட்டியிருக்கியே, அதுக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்துட்டுத்தானே ஒட்டினே?"

அவள் திறந்து பார்த்தாள். உப்பு.

இப்போதும் காலை எட்டரைக்கு ஸ்கிரிப்ட் ஓடுகிறது. மாமனார் போனில் டிங் அடிப்பதில்லை. ஆனால் எட்டு முப்பத்து நான்கு ஆனதும் அவர் செஸ் பலகையிலிருந்து தலையைத் தூக்கி மருமகளைப் பார்ப்பார்.

"ஓடிட்டார் மாமா" என்பாள் அவள்.

"சரி விடு. நாளைக்காவது வருவாரு" என்று சொல்லிவிட்டு அவர் குதிரையை நகர்த்துவார். பன்னிரண்டாவது பச்சை விழுந்ததும் அவள் டீயை எடுப்பாள், ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு.